ஒட்சிசன் பதினைந்தும் பாமசிக்காரரும்

இந்த மனிதரின் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் அவருக்கு அதுவும் ஒரு பெருமையாகிவிடும். எங்கள் ஊரில் மருந்து விற்கும் பாமசி வைத்திருக்கிறார், என்னை விட மூத்தவர், அண்ணன் முறையில் நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். இவ்வளவு போதும். ஊர்க்காரர்கள் வாசித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் என்னைப் பற்றி ஒரு பொய் சொன்னார். அதனால் எனக்குப் பேசியிருந்த கலியாணம் முறிந்தது. பிறகு பேசியவையும் முறிந்தன. பொய் நான் செய்த வேலையைப் பற்றியது. ஆகவே முதலில் வேலையைச் சொல்ல வேண்டும்.

அரபு நாடொன்றில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெக்னீசியனாக இருந்தேன். வேலை நிலத்துக்குக் கீழே. அங்கே சைக்ளோட்ரோன் என்று ஒரு இயந்திரம். அதைச் சுற்றியுள்ள கொங்கிரீட் சுவர் ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தடிப்பு. இயந்திரம் சின்னத் துகள்களைச் சுழற்றிச் சுழற்றி வேகமாக்கி நைதரசன் வாயுவில் மோதவிடும். மோதலில் ஒட்சிசன் பிறக்கும். நாம் மூச்சில் எடுக்கும் சாதாரண ஒட்சிசன் இல்லை. சாதாரண ஒட்சிசனின் அணுக்கருவில் எட்டுப் புரோத்தன், எட்டு நியூத்திரன். இதில் ஒரு நியூத்திரன் குறைவு. எட்டும் ஏழும் பதினைந்து. அதனால் இதன் பெயர் ஒட்சிசன் பதினைந்து.

அந்த ஒரு நியூத்திரன் இல்லாததால் அணு நிலைக்காது. உள்ளேயிருக்கும் புரோத்தன் ஒன்று நியூத்திரனாக மாறும். மாறும்போது பொசித்திரன் என்ற ஒரு துகள் வெளியே பாயும். அவ்வளவுதான், ஒட்சிசன் போய் நைதரசனாகிவிட்டது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் அந்த நைதரசனும் கொஞ்சம் இருக்கிறது, அது யாரையும் ஒன்றும் செய்யாது. வெளியே பாய்ந்த பொசித்திரன் சில மில்லிமீற்றர் ஓடி ஒரு இலத்திரனில் முட்டும். இரண்டும் இல்லாமல் போகும். அந்த இடத்திலிருந்து இரண்டு கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் புறப்படும். இந்த ஒட்சிசனை ஊசியில் ஏற்றிய நோயாளியைச் சுற்றியிருக்கும் இயந்திரம் அவற்றைப் பிடித்து, இதயத்தில் இரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்று படம் காட்டும்.

இதில் பெரிய தலையிடி நேரம். இரண்டு நிமிடத்தில் அந்த ஒட்சிசனில் பாதி போய்விடும். அடுத்த இரண்டு நிமிடத்தில் மிஞ்சியதில் பாதி. மற்ற மருந்துகள் அலுமாரியில் கிடந்து பழுதாகும், இது குழாயில் வரும்போதே பழுதாகும். அதனால் இதை இன்னொரு ஊருக்கு அனுப்ப ஏலாது, பக்கத்துத் தெருவுக்குக்கூட ஏலாது. இயந்திரத்திலிருந்து நேரே சுவருக்குள்ளால் மெல்லிய குழாய் போகும். ஐதரசனோடு சேர்த்துத் தண்ணீராக்கி உடனே ஊசியில் ஏற்றுவார்கள். ஒருநாள் எல்லாம் தயாரான நேரம் நோயாளி ஒருவர் கக்கூசுக்குப் போக வேண்டும் என்றார். வயதானவர், மெதுவாகப் போய் மெதுவாக வந்தார். வந்தபோது எங்கள் கையில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம்.

இதுதான் என் வேலை. இனி கலியாணம்.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். பெண்ணுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். தான் கட்டிய வீட்டுக்குள் வரப்போகிறவன் யார் என்று அவர் துருவித் துருவி விசாரிப்பார், அது நியாயம்தான். வெளிநாட்டில் கூட்டித் துடைக்கிறவன் ஊரில் சுப்பர்வைசர் என்று சொல்லிக் கலியாணம் முடித்த கதைகள் நிறைய உண்டு. அதனால் பெண் வீட்டார் இப்போதெல்லாம் ஒன்று கேட்பார்கள்: வேலை செய்யும் இடத்தில் நின்று ஒரு போட்டோ.

எனக்குப் பேசிய பெண்ணின் வாப்பா பக்கத்து ஊரில் அரிசி மில் வைத்திருக்கும் ஹாஜியார். அவரும் போட்டோ கேட்டார். நான் வெள்ளைக் கோட்டுப் போட்டு, கதிர்வீச்சை அளக்கும் சின்ன அட்டையை நெஞ்சில் குத்தி, சைக்ளோட்ரோன் அறையின் கதவுக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினேன். கதவில் மஞ்சள் பலகை, அதில் கறுப்பில் மூன்று இதழ் போட்ட எச்சரிக்கை அடையாளம். அது படத்தில் நன்றாக விழுந்திருந்தது. எடுப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். மடையன்.

லீவில் வந்தபோது பெண் வீட்டுக்குச் சாமான் அனுப்பினோம். கம்பளி, சொக்லேட், அத்தர், பேரீச்சம்பழம், ஹாஜியாருக்குத் தொழுகைக்கு விரிக்க ஒரு நல்ல முசல்லா. அவற்றைக் கொண்டுபோன கலியாணத் தரகர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கையில் முசல்லா மட்டும் இருந்தது. இரண்டு சொப்பிங் பேக்கில் சுற்றி, தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“மத்தச் சாமான் எங்க?” என்று உம்மா கேட்டார்.

“தாட்டுப்போட்டாங்க.”

“தாட்டுப்போட்டாங்களா? ஏன்?”

“உங்கட மகன்ட உடம்புல நஞ்சிக் கதிர் இருக்காம். தொட்ட சாமானெல்லாம் ஆகாதாம். முசல்லாவத் தாக்குறது பாவம் எண்டு ஹாஜியார் தந்து உட்ட.”

எங்கள் பேச்சில் தாக்குவது என்றால் புதைப்பது. மில்லுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். குழி வெட்டியவர் மில்லில் மூட்டை தூக்குகிறவர், வீரமுனை ஊர்க்காரர். யார் இந்தக் கதையைச் சொன்னது என்று அவரிடம்தான் விசாரித்தேன். எங்கள் ஊர்ப் பாமசிக்காரர்தான் என்றார். மருந்து விசயம் தெரிந்தவர் என்று ஹாஜியார் போட்டோவை அவரிடம் காட்டியிருக்கிறார். அவர் மஞ்சள் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்து, இவனுக்குப் பிள்ளை பிறக்காது, பிறந்தாலும் ஊனமாய்ப் பிறக்கும், இவன் குளிக்கும் தண்ணீர் கிணற்றில் ஊறும் என்று சொல்லியிருக்கிறார். பாமசிக்காரருக்குக் கலியாணம் முடிக்காத தம்பி ஒருவன் இருந்தான். ஹாஜியார் மகளுக்கு மாடி வீடு கட்டி முடித்திருந்தார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மில்லுக்குப் போனேன். பாமசிக்காரரும் அங்கே இருந்தார். கதிரையில் கால்மேல் கால் போட்டு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஹாஜியார், நான் வேலை செய்யிற பொருள் ரெண்டு நிமிசத்துல பாதியாப் போயிரும்” என்றேன். “அடுத்த ரெண்டு நிமிசத்துல அதுல பாதி. அதுக்குப் பிறகு அதுல பாதி. வேலை முடிஞ்சி நான் வெளிய வாறதுக்குள்ள ஒண்டும் மிஞ்சாது. அதோட நான் அதத் தொடுறதே இல்ல. சுவருக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிற.”

பாமசிக்காரர் கோப்பையை வைத்தார். “ஹாஜியார், தம்பி சொல்றத நல்லாக் கேட்டுக்கங்க. பாதி போகும், மிஞ்சினதுல பாதி போகும், அதுலயும் பாதி. அப்ப எப்பயும் ஒரு பாதி மிஞ்சும்தானே? இது முடியிறதே இல்லையே. தம்பிட வாயாலேயே வந்திட்டு.”

ஹாஜியார் தலையை ஆட்டினார். மில்லில் நின்றவர்களும் ஆட்டினார்கள். என்னிடம் பதில் இருந்தது. அணு என்பது அப்பம் இல்லை, பிய்த்துக்கொண்டே போவதற்கு. எத்தனை கோடியில் தொடங்கினாலும் அவை எண்ணிக்கைக்குள் அடங்கும். கடைசியில் ஒரு அணு மிஞ்சும். அதில் பாதி போகாது. அது இருக்கும், அல்லது போகும். பிறகு ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லத் தொடங்கினேன். ஹாஜியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நஸீப் இல்ல தம்பி, அல்லாஹ் எழுதல்ல. கோபிக்காதீங்க.”

வெளியே வரும்போது வீரமுனைக்காரர் லொறியடியில் நின்றார். மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பேரீச்சம்பழத்த நான் தாக்கல்ல தம்பி. ஊட்ட கொண்டு போன. புள்ளையள் திண்டு முடிச்சிட்டுகள். நல்ல ருசி.”

அன்றைக்கு என்னைச் சிரிக்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

பாமசிக்காரரின் தம்பிக்கும் ஹாஜியாரின் மகளுக்கும் கலியாணம் நடந்தது. மாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். கதை கல்முனை வரைக்கும் போனது, இந்தப் பக்கம் பாலமுனை வரைக்கும் போனது. பெண் பார்க்கப் போகும் இடமெல்லாம் எங்களுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது. ஒரு கலியாண வீட்டில் ஒரு பெண் உம்மாவிடம், “மகன்ட பிளேட்டத் தனியாவா கழுவுற கா?” என்று கேட்டாளாம். உம்மா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

லீவு முடிந்து திரும்பிப் போனேன். வேலை ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்தேன். இப்போது கல்முனையில் ஒரு தனியார் இடத்தில் எக்ஸ்ரே எடுக்கிறேன். இத்தனை காலமும் பாமசிக்காரரை என்ன செய்யலாம் என்று யோசித்தேன். கடைக் கண்ணாடியை உடைக்கலாம். காலாவதியான மருந்து விற்கிறார் என்று பெட்டிசம் போடலாம். பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் சேர்ட்டைப் பிடிக்கலாம். ஒன்றையும் செய்யவில்லை. பயம் இல்லை. எதைச் செய்தாலும் அவர் சொன்ன பொய் அப்படியே இருக்கும், நான் வம்புக்காரன் என்ற பெயர்தான் கூடும். அந்தப் பொய்யை அவர் வாயாலேயே திருப்பி எடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பிறகு அவருக்கு நெஞ்சு நோ வந்தது.

கல்முனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொழும்பில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்களாம். ஊசியில் கதிர்ப் பொருள் ஏற்றி இதயத்தைப் படம் எடுக்கும் ஸ்கேன். இவர் மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் மனைவி அவரை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நீங்க ஒருக்காச் சொல்லுங்க தம்பி. இந்த மனிசன் நான் சொல்லிக் கேக்காது.”

பாமசிக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் தேன் வடிந்தது. அதை மறைக்கமாட்டேன்.

“என்ன பயம் காக்கா?” என்றேன்.

“அது உடம்புக்குள்ள போற சாமான்தானே தம்பி.”

“ஓம். உடம்புக்குள்ளதான் போகும். உங்களுக்கு ஏத்துறது வேற வகைக் கதிர்ப் பொருள். நான் வேலை செஞ்ச ஒட்சிசன் ரெண்டு நிமிசம். இது ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் பாதியாகும். என்ட சாமானுக்கு உங்கட சாமான் வாப்பா மாதிரி.”

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். உம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போட்டார்: “நோயாளிய நிக்க வெச்சிக் கதைக்காத மனே. இருக்கச் சொல்லு.”

இருக்கச் சொன்னேன். உண்மையையும் சொன்னேன். ஏற்றும் அளவு கொஞ்சம், ஒன்றும் செய்யாது, அன்றைக்கு மட்டும் கைக்குழந்தைகளைத் தூக்கி வைத்திருக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடுத்த நாள் வழமைபோல் இருக்கலாம். உம்மா அவருக்கு நாங்கள் குடிக்கும் கோப்பையிலேயே தேத்தண்ணி கொடுத்தார். அதற்காக உம்மாவோடு நான் இரண்டு நாள் கதைக்கவில்லை. பாமசிக்காரர் தேத்தண்ணியைக் குடித்தார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போனார்.

ஸ்கேன் முடிந்து திரும்பி வந்து, ஒருநாள் கழித்து, தம்பியின் பிள்ளைகளைப் பார்க்க அந்த மாடி வீட்டுக்குப் போயிருக்கிறார். மஃரிப் தொழுதுவிட்டு வரும்போது என் போன் அடித்தது.

“தம்பி, நான் மில் ஹாஜியார் கதைக்கிறன். பாமசிக்காரர் வந்து கேற்றடியில நிக்கிறார். கதிர் ஊசி போட்ட ஆள். ஊட்டுக்குள்ள பச்சைப் புள்ள இருக்கு. உள்ள எடுக்கலாமா எண்டு உங்கள்ட்டக் கேக்கச் சொல்லி மகள் சொல்றா.”

பின்னால் பாமசிக்காரரின் குரல்: “அது எப்பவோ போயிட்டு ஹாஜியார்! கொழும்புலயே போயிட்டு!”

“நீங்க பேசாம நில்லுங்க” என்றார் ஹாஜியார். “எப்பயும் ஒரு பாதி மிஞ்சும் எண்டு நீங்கதானே சொன்ன?”

நடு றோட்டில் நின்று சிரித்தேன். ஒட்டோக்காரன் ஹோன் அடித்துக்கொண்டு போனான். பத்து வருசத்துக்கு அவரை உள்ளே எடுக்க வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் எடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் என்னைப் பற்றிச் சொன்னதும் உண்மையாகிவிடும். அவருடைய பொய்க்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டது மாதிரி.

“எடுக்கலாம் ஹாஜியார்” என்றேன். “அவர்ட உடம்புல இப்ப சொல்றதுக்கு ஒண்டும் இல்ல. ஆனா உள்ள எடுக்க முந்தி ஒண்டு கேளுங்க. ஆறு மணித்தியாலச் சாமான் ஏத்தின ஆள் உள்ள வரலாம். ரெண்டு நிமிசச் சாமானச் சுவருக்கு அங்கால வெச்சி வேலை செஞ்ச நான் ஏன் வரேலாமப் போன? அவர்ட்டயே கேளுங்க.”

பின்னால் பாமசிக்காரர், “அது பழைய கதை ஹாஜியார், இப்ப எதுக்கு” என்பது கேட்டது. போன் நின்றுவிட்டது. அவரை உள்ளே எடுத்தார்களாம். இராச்சாப்பாடும் கொடுத்தார்களாம்.

ஸ்கேனில் இதயத்தின் ஒரு பக்கத்துக்கு இரத்தம் சரியாகப் போகவில்லை என்று தெரிந்தது. பைபாஸ் செய்ய நாள் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் ஹஜ்ஜுக்குப் போகும் முன்னும், பெரிய ஒப்பரேசனுக்குப் போகும் முன்னும் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ பிழை விட்டிருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது. மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்ற பயம். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காதவனை ஊர் மனிதனாக மதிக்காது.

அவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். தொப்பி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு.

“தம்பி, ஏதாவது பிழை உட்டிருந்தாப் பொருந்திக்கங்க.”

“ஏதாவது எண்டா என்ன காக்கா?”

“ஏதாவதுதான். மனிசன்தானே.”

“எனக்கு ஏதாவது எல்லாம் தெரியா. ஒண்டுதான் தெரியும். அத எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க. யாருக்கு முன்னால சொன்னீங்களோ அவங்களுக்கு முன்னால.”

அவர் மனைவி அழுதார். உம்மா என் கையைப் பிடித்தார். நான் அசையவில்லை.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மில்லில் கூடினோம். ஹாஜியார் இருந்தார். கணக்கப்பிள்ளை, நெல் கொண்டு வந்த இரண்டு மூன்று பேர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அவர் சொல்வது எல்லோர் காதிலும் விழ வேண்டும்.

“நான் இந்தத் தம்பியப் பத்திச் சொன்னது பொய்” என்றார் பாமசிக்காரர்.

“என்ன சொன்னீங்க? அதச் சொல்லுங்க.”

“உடம்புல நஞ்சி இருக்கு, புள்ள பொறக்காது எண்டு சொன்ன. எனக்கு அதப்பத்தி ஒண்டும் தெரியா. படத்துல மஞ்சள் பலகையப் பார்த்தன். அவ்வளவுதான்.”

“ஏன் சொன்னீங்க?”

நெற்றியைத் துடைத்தார். ஹாஜியாரைப் பார்த்தார். “என்ட தம்பிக்கு அந்தப் புள்ளைய முடிச்சி வைக்கத்தான்.”

வீரமுனைக்காரர் முன்னால் வந்தார். “ஹாஜியார், அண்டைக்குத் தாக்கச் சொன்ன பேரீச்சம்பழம். நான் அதத் தாக்கல்ல. எங்கட ஊட்டுல திண்டம். அதுக்குப் பிறகு எனக்கு ரெண்டு புள்ள. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

நெல் கொண்டு வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஹாஜியாரின் முகம் செத்தவன் முகம் மாதிரி ஆனது. அவர் கட்டிய வீட்டில், அந்தப் பொய்யின் பலத்தில் வந்த மருமகன் இருக்கிறான். மகளுக்கு மூன்று பிள்ளைகள். அந்தக் கலியாணத்தை இனி எந்தக் குழியில் புதைக்கப் போகிறார்?

“சொல்லிட்டன் தம்பி” என்றார் பாமசிக்காரர். “இப்ப பொருந்திட்டன் எண்டு சொல்லுங்க. நாளைக்கு விடியப் போறன்.”

நான் வந்தது அதைக் கேட்கத்தான். கேட்டுவிட்டேன். மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. எனக்கு முன்னால் வியர்த்துப்போய் நின்றவரைப் பார்க்க எரிச்சல்தான் கூடியது. இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதை இத்தனை வருசம் சொல்லாமல் இருந்திருக்கிறார். உயிருக்குப் பயம் வந்திருக்காவிட்டால் சாகும் வரைக்கும் சொல்லியிருக்கமாட்டார்.

“ஒப்பரேசன் முடிச்சி உயிரோட வாங்க காக்கா” என்றேன். “வந்தாச் சொல்றன்.”

“அல்லாஹ்வுக்குப் பயப்படு தம்பி!” என்று கணக்கப்பிள்ளை கத்தினார். மற்றவர்களும் ஏதோ சொன்னார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஊரில் சிலர் என்னைக் கல்நெஞ்சன் என்கிறார்கள். நஞ்சு என்று ஒருவரும் சொல்வதில்லை. கல்நெஞ்சன் என்ற பெயரோடு என்னால் இருக்க முடியும்.

அவர் உயிரோடு வந்தார். நெஞ்சில் நீளமாக வெட்டிய தழும்பு. பாமசியில் மெதுவாக நடந்து திரிகிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் எனக்காக நிற்கிறார். ஸலாம் சொல்கிறார். பதில் சொல்வது கடமை, சொல்கிறேன். பிறகு என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நான் இன்னும் சொல்லவில்லை.